டெல்டாவில் கோதிக் தேவாலயங்கள்: குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி லூர்து அன்னை ஆலயத்தையும் வேளாங்கண்ணியையும் வழியில் உள்ள மற்ற ஆலயங்களையும் இரண்டு நாளில் காரில் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். வேண்டுதலுக்குப் போகிறவர்களுக்கும் பயன்படும். ஆனால் முக்கியமாக, கட்டடத்தை நின்று நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

கோதிக் என்றால் என்ன? பார்த்தவுடன் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

வாசலையும் ஜன்னலையும் பாருங்கள். வளைவின் உச்சி அரைவட்டமாக இல்லாமல், இரண்டு கைகளைக் கூப்பினாற்போல் கூராக முடிந்தால் அது கோதிக் பாணி. அடுத்து உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். தூண்களிலிருந்து விலா எலும்புகள் போன்ற வரிகள் கிளம்பி மேலே ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொள்ளும். பிறகு வெளியே வந்து பக்கச்சுவரைப் பாருங்கள். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே சுவரைத் தாங்கிப் பிடித்தபடி கனமான முட்டுச்சுவர்கள் நிற்கும்.

பாரிசுக்கு வடக்கே உள்ள சான் தெனி மடாலயக் கோயிலில், மடாதிபதி சுகேர் கட்டி 1144இல் அர்ச்சிக்கப்பட்ட (வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தப்பட்ட) பீடப்பகுதியிலிருந்து இந்தப் பாணி தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். டெல்டாவில் நாம் பார்ப்பவை அந்தக் காலத்தவை அல்ல. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பாணியைத் திரும்ப எடுத்துக் கட்டியவை. ஆகவே "எழுநூறு வருசத்துக் கோயில்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வளைவு ஏன் கூராக இருக்க வேண்டும்? அழகுக்காகவா?

அழகு பிறகு வந்தது. முதல் காரணம் பளு.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வளைவே கிடையாது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டு, பளு முழுவதும் நேராகக் கீழே இறங்குகிறது. வளைவு அப்படியல்ல. அது தன் பளுவைக் கீழேயும் தள்ளும், பக்கவாட்டிலும் தள்ளும். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்று இல்லாவிட்டால் சுவர் வெளிப்பக்கமாகச் சாயும்.

குழந்தைகளுக்கு இதைச் செய்தே காட்டலாம். இரண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தி முன்னால் சாயச் சொல்லுங்கள். கால்கள் பின்னால் வழுக்கும். இப்போது பின்னால் இரண்டு பேரை நிறுத்தி, வழுக்கும் காலுக்குத் தங்கள் காலை அணை கொடுக்கச் சொல்லுங்கள். சாய்ந்தவர்கள் அசையாமல் நிற்பார்கள். அணை கொடுத்த கால்தான் முட்டுச்சுவர். அதன் பிறகு கோயிலின் வெளிச்சுவரைக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

ஒரே அகலத்துக்கு அரைவட்டத்தைவிடக் கூர்வளைவு உயரமாக எழுவதால் பக்கவாட்டுத் தள்ளல் குறைகிறது. சுவரைக் கோட்டை மதில்போல் தடிமனாக்கத் தேவையில்லை. மெலிந்த சுவரில் பெரிய ஜன்னல் வைக்கலாம். உள்ளே வெளிச்சம் வரும். கோதிக் கட்டடத்தின் கதை சுருக்கமாக இவ்வளவுதான். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் போவே பேராலயம் சாட்சி. அங்கே சுமார் 48 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய பீடப்பகுதிக் கூரையின் ஒரு பகுதி 1284இல் இடிந்து விழுந்தது.

கூர்வளைவை நாமே வரைந்து பார்க்க முடியுமா?

முடியும். வேளாங்கண்ணிக் கடற்கரையின் ஈர மணல் இதற்கு மிகப் பொருத்தம். இரண்டு குச்சிகளை 3 அடி இடைவெளியில் நடுங்கள். 3 அடி நூலை முதல் குச்சியில் கட்டி, நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது குச்சி இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு வில் போடுங்கள். பிறகு நூலை இரண்டாவது குச்சிக்கு மாற்றி, முதல் குச்சியிலிருந்து இன்னொரு வில். இரண்டும் சந்திக்கும் இடம்தான் உச்சி. உயரத்தை அளந்தால் ஏறக்குறைய 2 அடி 7 அங்குலம் வரும். அதே 3 அடிக்கு அரைவட்டம் போட்டால் உயரம் ஒன்றரை அடிதான். நூல் தொய்ந்தால் இரண்டு வில்லும் சமமாக வராது, உச்சி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே நைலான் நூலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த ஆலயம்? எதிலிருந்து தொடங்குவது?

திருச்சி லூர்து அன்னை ஆலயத்திலிருந்து தொடங்குங்கள். டெல்டாவின் தலைவாசலில் கோதிக் பாணியை இவ்வளவு முழுமையாகக் காட்டும் கட்டடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. தூய வளனார் கல்லூரியை ஒட்டி, தெப்பக்குளத்துக்கும் மலைக்கோட்டைக்கும் அருகில் இருக்கிறது. இந்தக் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. ஆலயம் அதற்குப் பிறகு இயேசு சபையினர் எழுப்பியது. கூர்ந்து உயரும் கோபுரத்தை அடியில் நின்று பார்த்தால் முழுமையாகத் தெரியாது. முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் தள்ளி நின்று பாருங்கள், பிறகு உள்ளே போங்கள்.

அடுத்து பூண்டி மாதா பேராலயம். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில், கொள்ளிடத்தை ஒட்டிய பகுதியில் அமைதியான ஊர். 1999இல் போப்பாண்டவர் தரும் பசிலிக்கா தகுதி பெற்றது. வீரமாமுனிவரோடு தொடர்புடைய ஊர் என்பதால் தமிழ் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு நெருக்கம் இருக்கும்.

கடைசியாக வேளாங்கண்ணி. 1962இல் பசிலிக்கா ஆனது. முன்பக்கக் கட்டடத்தையும், அதன் பின்னால் 1970களில் எழுந்த இரண்டு அடுக்கு ஆலயத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பின்னது பிரான்சின் லூர்து நகரப் பசிலிக்காவை மாதிரியாக வைத்துக் கட்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால் தரங்கம்பாடியில் 1718இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்கும் போங்கள். அது கோதிக் அல்ல. சீர்திருத்த சபைக்காரர்கள் கட்டியதன் எளிமை அதில் தெரியும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தவர்களுக்குப் பாணி வேறுபாடு பிறகு மறக்காது.

கதீட்ரல், பசிலிக்கா, பேராலயம்: எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. தமிழில் இரண்டையும் பேராலயம் என்று சொல்வதால்தான் இந்தக் குழப்பம். ஆயரின் (பிஷப்பின்) இருக்கை இருக்கும் கோயில் கதீட்ரல். ஒரு மறைமாவட்டத்தின், அதாவது ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியின், தலைமைக் கோயில் அது. பசிலிக்கா என்பது போப்பாண்டவர் சிறப்பாகத் தரும் தகுதி. அதற்கும் ஆயர் இருக்கைக்கும் தொடர்பில்லை.

வேளாங்கண்ணி தஞ்சாவூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூரில் உள்ள திரு இருதயப் பேராலயம். கூட்டத்திலும் புகழிலும் வேளாங்கண்ணி பெரிது, ஆனால் அது கதீட்ரல் அல்ல. அதேபோல், கதீட்ரல் என்றாலே கோதிக் என்றும் இல்லை. ஒன்று பதவி, மற்றது கட்டடப் பாணி.

எத்தனை நாள் வேண்டும்? பாதை எப்படி?

இரண்டு நாள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கார் சீட்டைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

முதல் நாள் காலை 8 மணிக்குள் லூர்து அன்னை ஆலயம். சத்திரம் பேருந்து நிலையம், மெயின்கார்டு கேட் பக்கம் கடைகள் திறந்துவிட்டால் கார் நகராது, நிறுத்தவும் இடம் கிடைக்காது. பத்து மணிக்குள் கிளம்பி கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி. இந்தச் சாலை குறுகியது, ஆனால் ஆற்றை ஒட்டியே போகலாம். பூண்டியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 35 கிலோமீட்டர். இரவு அங்கே தங்குங்கள்.

இரண்டாம் நாள் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான், இருந்தாலும் ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். சென்னைக்குத் திரும்புகிறவர்கள் நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி என்று கடலோரமாகவே போகலாம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. சொந்தக் காருக்குச் சிக்கல் இல்லை. வாடகை வண்டியென்றால் பர்மிட் இருக்கிறதா என்று கிளம்பும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். எல்லையில் நின்றுகொண்டு கேட்டால் நேரம் போகும்.

எப்போது போகக் கூடாது?

கட்டடம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியைத் தவிருங்கள். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 7 மாலை பெரிய தேர்பவனி, 8ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள் திருவிழா. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே காவி உடுத்திப் பாதயாத்திரை வருகிறவர்கள் சாலையோரம் இரவு முழுவதும் நடப்பார்கள். அந்த நாட்களில் கடலோரச் சாலையில் இரவில் கார் ஓட்டாதீர்கள். எதிர்வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்கும் சமயம், ஓரத்தில் நடப்பவர் தெரியவே மாட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் இன்னொரு விஷயம் உண்டு. பெரிய வியாழன் இரவு பீடத்திலிருந்து துணிகளை எல்லாம் அகற்றிவிடுவார்கள். பல கோயில்களில் சுரூபங்களை (புனிதர் சிலைகளை) ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள். வழிபாட்டுக்கு அது ஆழமான நேரம். ஆனால் பீடத்தின் அலங்காரத்தைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் நாகை மாவட்டத்துச் சாலைகளில் தண்ணீர் நிற்கும், வானமும் மூடியிருப்பதால் வண்ணக் கண்ணாடிகள் மங்கிக் கிடக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மிக நல்ல காலம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உள்ளே போகலாமா? பூசை நடந்துகொண்டிருந்தால்?

தாராளமாகப் போகலாம். வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. பூசை நடக்கும்போது பின்வரிசையில் உட்காருங்கள், மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், முழந்தாளிட முடியாதவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம். ஞாயிறு பூசை ஏறக்குறைய ஒரு மணி நேரம், வாரநாள் பூசை அதைவிடச் சிறியது. அந்த நேரத்தில் நடந்துகொண்டு கூரையைப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

ஒன்றை மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூசையின் பிற்பகுதியில் எல்லோரும் வரிசையாகப் பீடத்தை நோக்கிப் போவார்கள். அது பிரசாத வரிசை அல்ல, நற்கருணை: இயேசுவின் உடலாக நம்பி வாங்கும் அப்பம். கத்தோலிக்கர்கள் மட்டும் வாங்குவது. குழந்தைகள் பார்த்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொள்வதும், வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்புவதும் நடக்கும். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது மிகவும் வருத்தமான விஷயம். தவறி வரிசைக்குள் வந்துவிட்டால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். குருவானவர் புரிந்துகொண்டு ஆசீர் கொடுத்து அனுப்புவார்.

உடை, செருப்பு?

முழங்காலும் தோளும் மறையும் உடை போதும். பெண்கள் தலையில் முக்காடு போடுவது இங்குள்ள வழக்கம், கட்டாயமில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். மற்றவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில் நீங்களும் கழற்றுங்கள். வேளாங்கண்ணியில் பகல் 12 மணிக்கு மேல் வெளித்தரை கொதிக்கும். ஆளுக்கொரு ஜோடி தடித்த சாக்ஸ் எடுத்துப்போனால் பாட்டி தாத்தாக்களுக்குக் கால் சுடாது.

உள்ளே நுழைந்ததும் என்ன பார்ப்பது? ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம்.

பெரும்பாலோர் நேராகப் பீடத்துக்குப் போய், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் காரணம். இப்படிச் செய்து பாருங்கள். வாசலுக்குள் வந்ததும் கடைசிப் பெஞ்சில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு முன் கூரையில் ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேலே போங்கள். அடிப்பீடம், தண்டு, இலை வேலைப்பாடுள்ள தலைப்பகுதி, அங்கிருந்து பிரியும் விலாக்கள், அவை சந்திக்கும் மையக்கல் அல்லது பூ. அந்த ஒரு தூணில் பளு இறங்கும் வழியைத்தான் உங்கள் கண் மேல்நோக்கி ஏறிப் பார்க்கிறது. ஒரு தூணை இப்படிப் பார்த்துவிட்டால் மீதிக் கட்டடம் தானே புரியும்.

அடுத்து பக்கக்கூடம் வழியாக நடந்து போங்கள். சுவரில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் வரிசையாக இருக்கும். கடைசியில் பீடம். அங்கிருந்து திரும்பி நின்று வாசல் பக்கம் மேலே பாருங்கள். பாடகர் மாடமும் அதற்கு மேலுள்ள ஜன்னலும் அங்கேதான் இருக்கும். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். சின்ன பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள்.

வண்ணக் கண்ணாடி எந்த நேரத்தில் நன்றாகத் தெரியும்? அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெயில் படும் பக்கத்து ஜன்னல்தான் எரியும். காலை 8 முதல் 9.30 வரை கிழக்குப் பக்கம், மாலை 4 முதல் 5.30 வரை மேற்குப் பக்கம். கோயில் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதைப் போனில் உள்ள திசைகாட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பீடம் கிழக்கில் இருப்பது பழைய மரபு. இங்கே நிலத்தின் வாட்டத்துக்கு ஏற்ப மாறும். உள்ளே டியூப்லைட் எரிந்தால் நிறம் பாதியாகக் குறைந்துவிடும். இரவில் நிலைமை தலைகீழ்: உள்ளே விளக்கு எரியும்போது வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் ஒளிரும்.

அசல் வேலையில் கண்ணாடிக்குள்ளேயே நிறம் இருக்கும். உருக்கும்போது கோபால்ட் சேர்த்தால் நீலம், தாமிரம் சேர்த்தால் சிவப்பு அல்லது பச்சை, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. வெட்டிய துண்டுகளை ஈயப்பட்டையால் இணைப்பார்கள். அந்தக் கறுப்புக் கோடு உருவத்தின் விளிம்பை ஒட்டியே ஓடும். அங்கியின் மடிப்பில் வளையும், கழுத்தில் திரும்பும். முகம், விரல் போன்றவற்றை மட்டும் கறுப்புச் சாயத்தால் தீட்டிச் சூளையில் சுட்டிருப்பார்கள். கோடுகள் உருவத்தைக் கண்டுகொள்ளாமல் வெறும் சதுரங்களாக ஓடினால் அது பெரும்பாலும் கண்ணாடிமேல் தீட்டிய படம் அல்லது ஒட்டிய பிலிம். எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம். பழைய ஈயம் மெத்தென்று வளையும்.

போட்டோ எடுக்கலாமா?

பூசையின்போது கூடாது. மற்ற நேரத்தில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள் அல்லது உபதேசியாரிடம் (கோயில் பணியாளரிடம்) கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஜன்னலை எடுக்கும்போது திரையில் கண்ணாடியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். சுவர் கறுத்துவிடும், நிறம் தெளியும். கோபுரத்தை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்வதுபோல் வரும். தள்ளி நின்று, போனைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள்.

திருச்சி லூர்து அன்னை ஆலயம் பிரான்ஸ் நாட்டு லூர்துக் கோயிலின் நகலா?

மாதிரி அதுதான். 1858இல் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்ன கெபிக்கு (குகைக்கு) மேலே, இப்போலித் துயுராந் வடிவமைத்த மேல் பசிலிக்கா 1876இல் அர்ச்சிக்கப்பட்டது. அதுவும் பழைய கோதிக் அல்ல, 19ஆம் நூற்றாண்டின் மறுமலர்ச்சிதான்.

ஆனால் இங்குள்ளவற்றை நகல் என்று ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. டெல்டா வண்டல் பூமி, பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஐரோப்பாவில் கல்லில் செதுக்கிய பூவையும் இலையையும் நம் பக்கத்துக் கோயில்களில் செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பினார்கள். கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்து பழகிய நிலம் இது. தூண் தலைப்பிலுள்ள இலைகளைக் கிட்டத்தில் பார்த்தால் இரண்டு இலை ஒன்றுபோல் இருக்காது. அச்சில் வார்க்காமல் கரணையால் இழுத்தது என்பது அதிலிருந்து தெரியும்.

சுவரின் அடியில் மட்டும் காரை பொரிந்து உதிர்கிறதே, ஏன்?

உப்பு. கடலோரத்தில் நிலத்தடி நீரிலேயே உப்பு உண்டு. செங்கல் அந்த நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். சுவரின் மேல்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு காரைக்குள் படிகமாகிப் பருத்து, காரையைத் தள்ளிவிடும். அதனால்தான் உதிர்வு தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தோடு பெரும்பாலும் நிற்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், உதிர்ந்தாலும் செங்கல் தப்பும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரமாக ஏறிச் செங்கல்லையே அரிக்கும். பழைய ஆலயத்துக்குச் சிமெண்ட் பூச்சு வேலைக்கு நன்கொடை கேட்டால், சுண்ணாம்பு வேலைக்குத் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும்?

வேளாங்கண்ணியில் பேராலயமும், மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் மாதா குளம், நடுத்திட்டு ஆகிய இடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையிலுள்ள மணல் பாதையில் முழந்தாளில் நடக்கிறவர்கள் வருவார்கள். அவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். கூட்ட நாளில் போன் கிடைக்காது. பிரிந்தால் சந்திக்கும் இடமாகக் கொடிமரத்தைச் சொல்லிவையுங்கள், குழந்தையின் கையில் போன் நம்பரைப் பேனாவால் எழுதுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுப்பு அதிகம், தரை சட்டென்று ஆழமாகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையில் நின்ற யாத்ரீகர்கள் பலர் இறந்தார்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சாலையில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

அறுவடைக் காலத்தில் நெல். குறுவை, சம்பா அறுப்பின்போது கிராமத்துச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். பகலில் வேகத்தைக் குறைத்து விலகிப் போங்கள், நெல்மேல் ஏற்றாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் மணியில் டயர் வழுக்கும். இரவில் அந்தக் கல்வரிசை விளக்கு வெளிச்சத்தில் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். அறுவடை இயந்திரங்கள் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போவதும் உண்டு. திருக்காட்டுப்பள்ளிச் சாலையையும் திருவாரூரைச் சுற்றிய உள்சாலைகளையும் மாலை 6 மணிக்குள் கடந்துவிடும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.